ஸ்குரூடிரைவர் யார் கையில்? பொறியியல் படிக்கும் பெண்களுக்குச் சில வழிகள்

ஏதாவது ஒரு லேப் மேசையைக் கவனித்துப் பாருங்கள். நான்கு பேர் கொண்ட பேட்ச். இரண்டு பேர் சர்க்யூட்டை இணைக்கிறார்கள், ஒருவர் மீட்டரைப் பார்க்கிறார், இன்னொருவர் நோட்டில் ரீடிங் எழுதுகிறார். எழுதுகிறவர் பெரும்பாலும் பெண்ணாக இருப்பார். அந்த வேலையை யாரும் அவருக்குத் திட்டமிட்டுக் கொடுத்திருக்க மாட்டார்கள். "உன் கையெழுத்து நல்லா இருக்கும், நீ எழுது" என்று முதல் வாரம் யாரோ சொல்லியிருப்பார்கள். அதுவே படிப்பு முடியும்வரை பழக்கமாகிவிடும். கடைசி செமஸ்டரில் அவருடைய ரெக்கார்ட் நோட்டில் குறையே இருக்காது. ஆனால் அதே சர்க்யூட்டைத் தனியாக இணைக்கச் சொன்னால் கை தயங்கும்.

நான் மோட்டார் டிரைவ்களை, அதாவது மோட்டாரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் சோதனைக்கூடத்துக்கு இன்டர்ன்ஷிப் வரும் மாணவிகள், எல்லாரும் போன பிறகு வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, எனக்குக் கான்ஃபிடன்ஸே இல்ல. என்ன பண்றது?" கேட்கிறவர் அநேகமாக நன்றாகப் படிக்கிற பெண்தான். தைரியம் வரட்டும், அப்புறம் கருவியைத் தொடலாம் என்று காத்திருக்கிறார். தைரியம் அந்த வரிசையில் வருவதில்லை. தொட்டுப் பழகிய பிறகுதான் வருகிறது.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் இதைப் பற்றி எழுதினார். "என்னால் முடியும்" என்ற நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர்கள் தரும் ஊக்கம், அந்த நேரத்தில் உடலும் மனமும் இருக்கிற நிலை. இவற்றில் முதலாவதுதான் எல்லாவற்றையும்விட வலுவானது என்றார். மாணவிகளுக்கு மூன்றாவது தாராளமாகக் கிடைக்கிறது. மேடைதோறும் "உங்களால் முடியும்" என்று சொல்கிறார்கள். முதலாவதுதான் லேப் மேசையிலேயே கைவிட்டுப் போகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

கையில் வாங்குவது

செமஸ்டரின் முதல் லேபிலேயே பேசிவிடுங்கள். "வாராவாரம் வேலையை மாத்திக்கலாம். இந்த வாரம் நான் கனெக்‌ஷன் கொடுக்கிறேன், நீ ரீடிங் எழுது." இவ்வளவு போதும். தொடக்கத்திலேயே சொன்னால் யாருக்கும் இது பெரிய விஷயமாகத் தெரியாது. செமஸ்டர் பாதி ஓடிவிட்டது என்றாலும் பரவாயில்லை. "நான் பண்ணட்டுமா?" என்று அனுமதி கேட்காதீர்கள். "இன்னைக்கு நான் கனெக்ட் பண்றேன்" என்று சொல்லிவிட்டு ஒயரை எடுங்கள்.

நீங்கள் மெதுவாகச் செய்வதைப் பார்த்து யாராவது கையிலிருந்து வாங்க வருவார்கள். பெரும்பாலும் உதவுகிற எண்ணத்தில்தான் வருவார்கள். அப்போது, "ஒரு நிமிஷம், நானே முடிச்சிடறேன்" என்று சொல்லுங்கள், ஒயரை விடாதீர்கள். முதல் சில தடவை எல்லாருக்குமே நேரம் ஆகும். அந்த நேரத்தை விட்டுக்கொடுத்தால், பழகும் வாய்ப்பும் அதோடு போய்விடும்.

முந்தைய நாள் அரை மணி நேரம் ஒதுக்கி, சர்க்யூட்டை மேனுவலைப் பார்க்காமல் வெள்ளைத்தாளில் வரையுங்கள். எந்த டெர்மினலிலிருந்து எந்த டெர்மினலுக்கு ஒயர், அம்மீட்டருக்கு எந்த ரேஞ்ச், சப்ளை போடுவதற்கு முன் எந்தக் குமிழ் பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் மேசைக்கு முன்னால் நிற்கும்போது யாரையும் பார்க்கத் தேவையிருக்காது. அப்புறம், லேப் டெக்னீஷியனிடம் பழகுங்கள். அந்த மெஷின்களை அவரைப் போல அறிந்தவர் டிபார்ட்மெண்டில் யாரும் இல்லை. "சார், லேப் ஃப்ரீயா இருக்கும்போது வந்து இன்னொரு தடவை செஞ்சு பார்க்கலாமா?" என்று கேட்டால், கூடவே நின்று சொல்லித்தருகிறவர்கள் நிறையப் பேர். மாணவர்கள் அவரிடம் கேட்பதே இல்லை என்பதுதான் குறை.

டீம் சேரும்போது, முடிந்தால் இன்னொரு பெண்ணும் இருக்கிற டீமாகப் பாருங்கள். ஒரே பெண்ணாக இருக்கும்போதுதான் பிரசன்டேஷன் ஸ்லைடு, ரிப்போர்ட், எல்லாருக்கும் நினைவூட்டுவது எல்லாம் தானாக ஒருவர் தலையில் வந்து விழுகிறது. இந்தத் தனிமை பழைய கதை. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-இல் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்த ஏ. லலிதா, அங்கே ஒரே மாணவி. பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இருந்தவர். அவர் தனியாக இருக்கிறார் என்பதால் பெண்களைச் சேர்க்க அறிவிப்பு தரப்பட்டது. லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்று இரண்டு பேர் சிவில் படிக்க வந்தார்கள். அந்தத் திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையில் தலைமைப் பொறியாளர் ஆனார். உங்களுக்குப் பின்னால் வருகிற ஜூனியர் மாணவியை லேபுக்குக் கூப்பிடும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழுதை முழுதாகக் கண்டுபிடியுங்கள்

நூறு பரிசோதனையைச் சரியாகச் செய்வதைவிட, ஒரே ஒரு பழுதைத் தனியாகத் துரத்திப் பிடிப்பது அதிகத் தைரியம் தரும். உதாரணத்துக்கு மாணவர் புராஜெக்ட்டுகளில் அடிக்கடி வரும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சின்ன ரோபோ வண்டி. கோட் சரியாக இருக்கிறது. ஆனால் மோட்டார் ஓடத் தொடங்கியதுமே, அந்தக் கோடை ஓட்டும் சிப்பான மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட் ஆகிவிடுகிறது. வழக்கமாக ஒருவர் கோடைத் திரும்பத் திரும்ப ஏற்றுவார், இன்னொருவர் ஒயரை ஆட்டிப் பார்ப்பார், மூன்றாமவர் புது போர்டு வாங்கலாம் என்பார்.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். மோட்டார் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு அதே கோடை ஓட்டுங்கள். ரீசெட் ஆகவில்லையா? சரி, கோட் மேல் சந்தேகம் குறைந்தது. அடுத்து மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுங்கள், இரண்டின் கிரவுண்டையும் மட்டும் சேருங்கள். இப்போதும் ரீசெட் ஆகவில்லை என்றால், சப்ளையில்தான் ஏதோ நடக்கிறது. பழையபடி இணைத்து, ஆசிலோஸ்கோப்பின் (வோல்டேஜ் மாறுவதைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி) புரோபை மைக்ரோகண்ட்ரோலரின் 5 வோல்ட் பின்னில் வையுங்கள். வோல்டேஜ் இறங்கும் கணத்தை ஒரே ஒரு தடவை பிடிக்கும்படி அமையுங்கள்: இறங்கும் விளிம்பில் டிரிகர், சிங்கிள் ஷாட். மோட்டாரைக் கிளப்பியதும் திரையில் 5 வோல்ட் கோடு ஒரு கணம் சரிந்து, மறுபடி ஏறுவது தெரியும். மோட்டார் சுழலும்போது கரண்டை எதிர்த்து அதற்குள்ளேயே உருவாகும் வோல்டேஜ், அதாவது பேக் இஎம்எஃப், நிற்கிற மோட்டாரில் இல்லை. அதனால் கிளம்பும் கணத்தில் அது சாதாரணமாக ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கிறது, சப்ளை தாங்காமல் தொய்கிறது, சிப் தன்னைக் காத்துக்கொள்ள ரீசெட் ஆகிறது. மோட்டாருக்குத் தனி சப்ளை, மோட்டாரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் பக்கம் ஒரு பெரிய கெபாசிட்டர், சிப்புக்கு மிக அருகில் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் அந்தச் சரிவு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றியதையும் நடந்ததையும் உடனே எழுதிவிட வேண்டும். அவ்வளவுதான் முறை. (பேட்டரி சர்க்யூட்டில் இது பயமில்லாத வேலை. மெயின்ஸில் ஓடுகிற எதிலும் புரோபின் கிரவுண்ட் கிளிப்பை நினைத்த இடத்தில் மாட்டாதீர்கள். பெரும்பாலான ஆசிலோஸ்கோப்பில் அது எர்த்தோடு இணைந்திருக்கும், நேரடி ஷார்ட் ஆகிவிடும்.) இப்படி ஒன்றை அடிமுதல் நுனிவரை பிடித்த பெண், அடுத்த ரிவ்யூவில் கேள்வி வரும்போது குரல் தாழ்த்துவதில்லை. நான் இதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

"எனக்கு டிராயிங் வராது"

முதல் வருடத்திலேயே பல பெண்களை உட்காரவைத்துவிடுவது என்ஜினீயரிங் கிராஃபிக்ஸ். ஒரு பொருளை மனதுக்குள் திருப்பிப் பார்க்க வரவில்லை என்றதும், "எனக்கு இந்தப் படிப்பே ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பிறவியிலேயே வந்தால்தான் உண்டு என்கிற திறமை இல்லை. அமெரிக்காவின் மிஷிகன் டெக் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி என்ற பேராசிரியர், மாணவியாக இருந்தபோது இதே பாடத்தில் திணறியவர், 1993 முதல் இதற்கென்றே ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார். அதில் படித்தவர்களின் கிராஃபிக்ஸ் மதிப்பெண் உயர்ந்தது. பொறியியலை விட்டு விலகாமல் தொடர்ந்த பெண்களும் அதிகமானார்கள்.

பயிற்சிக்குப் பென்சிலும் தாளும் போதும். கதவுத் தாழ்ப்பாள், பிளக், ஸ்டேப்ளர் என்று கையில் கிடைப்பதை மேசையில் வைத்து முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் மூன்றையும் வரையுங்கள். பிறகு பொருளை டிராயருக்குள் வைத்துவிட்டு, அந்த மூன்று படத்தை மட்டும் பார்த்து, மூன்று பக்கமும் ஒன்றாகத் தெரியும் ஐசோமெட்ரிக் படத்தை வரையுங்கள். வெளியே எடுத்து ஒப்பிடுங்கள். கம்ப்யூட்டரில் வரையும் கேட் (CAD) சாஃப்ட்வேரில் மவுஸால் சுழற்றிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது, அங்கே திருப்பும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது. கையால் வரையுங்கள், தினமும் கொஞ்சமாக.

வகுப்பில் சத்தமாகவும் உறுதியாகவும் பேசுகிறவர்களைப் பார்த்து மிரள வேண்டாம். உறுதி வேறு, விடை வேறு. "அது எப்படின்னு வரைஞ்சு காட்டேன்" என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் வரைவார், நீங்கள் கற்றுக்கொள்வீர்கள். தெரியாதவர் பேச்சை மாற்றுவார். இரண்டிலும் உங்களுக்கு லாபம்தான்.

"நாங்கள்" செய்ததில் "நான்" எங்கே?

வாரம் ஒரு பக்கம் எழுதுங்கள். என்ன செய்தேன், எது வேலை செய்யவில்லை, எப்படிக் கண்டுபிடித்தேன், அளந்த எண் என்ன, ஒரு போட்டோ. இது ரெக்கார்ட் நோட்டு இல்லை, மதிப்பெண் கிடையாது, அழகாக இருக்கவும் வேண்டாம். ரெஸ்யூமே எழுதும் நாளில் இந்த நோட்டுதான் உங்கள் பக்கம் பேசும். மனசு சோர்ந்து "எனக்கு எதுவும் தெரியாது" என்று தோன்றும் நாளிலும் இதைத்தான் புரட்ட வேண்டும்.

மாணவர்களைத் தேர்வு செய்யும்போது நான் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்பேன்: "இந்த புராஜெக்ட்ல நீங்க செஞ்ச பகுதி எது?" பாதி வேலையைச் செய்த பெண் "நாங்க எல்லாரும் சேர்ந்து பண்ணோம்" என்பார். கால்வாசி செய்தவர் "நான்தான் டிசைன் பண்ணேன்" என்பார். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே நடந்தது தெரியாது, கேட்டதைத்தான் எழுதிக்கொள்வார். டீமுக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிட்டு, உங்களுடையதைத் துல்லியமாகச் சொல்லுங்கள்: "நாலு பேர் டீம். பவர் சப்ளை பகுதி என்னுடையது. மோட்டார் கிளம்பும்போது ரீசெட் ஆகிற பிரச்சினையை நான் கண்டுபிடிச்சேன், இப்படி சரி பண்ணேன்." இதில் தற்பெருமை எங்கே இருக்கிறது? நடந்ததைத்தானே சொல்கிறீர்கள். வீட்டில் கண்ணாடி முன் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். முதல் தடவை "நான்" என்ற சொல் தொண்டையில் சிக்கும், போகப் போக இயல்பாகிவிடும்.

எந்தப் பக்கம் போவது?

"எந்த ஃபீல்டுக்கு அக்கா ஸ்கோப் இருக்கு?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு விடை வருடாவருடம் மாறும். நாள் முழுக்க எந்த மாதிரி வேலையைச் செய்ய உங்களுக்குப் பிடிக்கும் என்ற கேள்விக்கு வருகிற விடை அவ்வளவு சீக்கிரம் மாறாது.

டிபார்ட்மெண்ட் பெயரில் அது தெரியாது. ஒரே மின்பொறியியல் படித்துவிட்டு ஒருவர் நாள் முழுக்கத் திரை முன் உட்கார்ந்து சர்க்யூட் டிசைன் செய்கிறார். ஒருவர் என்னைப் போல மேசையில் பொருளை வைத்து அது எங்கே உடைகிறது என்று பார்க்கிறார். இன்னொருவர் சைட்டுக்குப் போய் மெஷினை முதல் தடவை ஓடவைக்கிறார், வேறொருவர் பழுதால் ஆலை நிற்காமல் பார்த்துக்கொள்கிறார். வாடிக்கையாளரிடம் போய் அவருடைய தேவைக்கு எந்தப் பொருள் பொருந்தும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் வேலையும் இருக்கிறது. பேசவும் பிடிக்கும், கணக்கும் பிடிக்கும் என்கிற பெண்களுக்கு அது நல்ல இடம், ஆனால் மாணவிகளில் பலர் அப்படி ஒரு வேலை இருப்பதையே கேள்விப்பட்டதில்லை.

எது உங்களுக்கு என்று யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துதான் பார்க்க வேண்டும். ஒரு புராஜெக்ட்டில் டிசைன், அடுத்ததில் டெஸ்டிங். ஒரு விடுமுறையில் ஆபீஸ் இன்டர்ன்ஷிப், அடுத்ததில் ஆலை. வாராந்திரப் பக்கத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: இந்த வாரம் எந்தக் கஷ்டம் எனக்குச் சலிக்கவில்லை? எல்லா வேலையிலும் கஷ்டம் உண்டு. எனக்கு ஒரே சோதனையை வெவ்வேறு வெப்பநிலையில் திரும்பத் திரும்ப ஓட்டுவது சலிக்காது, ஆனால் நாள் முழுக்க மீட்டிங் என்றால் சோர்ந்துவிடுவேன். உங்களுக்கு நேரெதிராக இருக்கலாம்.

வேலையில் இருப்பவர்களிடம் கேளுங்கள். கல்லூரியின் பழைய மாணவர் ஒருவருக்கு இப்படி எழுதலாம்: "வணக்கம். நான் மூன்றாம் வருடம் இசிஇ படிக்கிறேன். உங்கள் டெஸ்டிங் வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை. போன வாரத்தில் ஒரு நாள் காலையிலிருந்து மாலைவரை என்னென்ன செய்தீர்கள் என்று பதினைந்து நிமிடம் சொல்ல முடியுமா?" வேலை வாங்கித்தரச் சொல்லாதீர்கள், ரெஸ்யூமே அனுப்பாதீர்கள். ஒரு நாளைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் உற்சாகமாகப் பேசுவார்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரு தடவை நினைவூட்டுங்கள், அப்புறம் வேறு ஒருவருக்கு எழுதுங்கள். பேசியவருக்கு, அவர் சொன்னதில் எதைச் செய்து பார்த்தீர்கள் என்று பின்னால் ஒரு வரி எழுதினால் அந்தத் தொடர்பு நிலைத்துவிடும்.

முதல் வேலையே கடைசித் தீர்ப்பு என்று பதறவும் வேண்டாம். எடித் கிளார்க் என்ற அமெரிக்கர் 1919-இல் அங்குள்ள எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலில் முதுகலைப் பட்டம் வாங்கினார், அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். அப்படியும் அவருக்குப் பொறியாளர் வேலை கிடைக்கவில்லை. ஜெனரல் எலக்ட்ரிக்கில் கணக்குப் போடும் பெண்களை மேற்பார்க்கும் வேலைதான் கிடைத்தது. அங்கே இருந்துகொண்டே மின்கடத்துப் பாதைகளின் சமன்பாடுகளைச் சட்டென்று தீர்க்க ஒரு கணிப்புக் கருவியை உருவாக்கி, 1921-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே வருடம் வேலையை விட்டுவிட்டுத் துருக்கிக்குப் போய் இயற்பியல் கற்பித்தார். மறு வருடம் திரும்பியபோது அதே நிறுவனம் அவரைப் பொறியாளராக எடுத்துக்கொண்டது. 1947-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியர் ஆனார். ஆசைப்பட்ட நாற்காலி கிடைக்காத வருடங்களிலும் மின்கடத்துப் பாதைக் கணக்கை அவர் கைவிடவில்லை.

"பொண்ணுங்களுக்கு இது சரிவராது"

சைட் வேலை, ஷிஃப்ட் வேலை என்றதும் இந்தப் பேச்சு வரும். அக்கறையில் சொல்வார்கள், அதனால் மறுத்துப் பேசச் சங்கடமாக இருக்கும். சண்டை போடாமல் விவரம் கேளுங்கள். எது சரிவராது? கழிப்பறையா, இரவுப் போக்குவரத்தா, தங்குமிடமா? ஒவ்வொன்றும் கேட்டால் விடை கிடைக்கிற கேள்வி. நிறுவனத்திடமே நேராகக் கேளுங்கள். உங்கள் அளவுக்குப் பாதுகாப்பு ஷூவும் கையுறையும் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அளவு பொருந்தாத ஷூவும் கையுறையும் ஆபத்து. அளவு சரியாக வேண்டும் என்று கேட்பது சலுகை இல்லை, பாதுகாப்பு விதி. எல்லாம் விசாரித்த பிறகு உங்களுக்கே மேசை வேலைதான் பிடிக்கிறது என்றால் மனநிறைவோடு அதற்குப் போங்கள். தெரிந்து எடுத்த முடிவாக இருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் இதோடு கலக்கக் கூடாது. உடலைப் பற்றிய பேச்சு, இரட்டை அர்த்தம், வேண்டாத தொடுகை, மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டுவது ஆகியவை எதுவும் உங்கள் தன்னம்பிக்கைக் குறைவால் வருவதில்லை, தைரியத்தை வளர்த்துக்கொண்டு பொறுத்துப் போக வேண்டியவையும் இல்லை. அன்றே தேதி, நேரம், சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர் என்று எழுதிவையுங்கள். மெசேஜ்களை அழிக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரை அழைத்துக்கொண்டு, கல்லூரியிலோ நிறுவனத்திலோ இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக இன்டர்வியூ. "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்று அவர்கள் சொல்லும்போது பெரும்பாலான பெண்கள் "இல்ல சார், தேங்க் யூ" என்று எழுந்துவிடுகிறார்கள். எழாதீர்கள். மூன்று கேள்வி கையில் வைத்திருங்கள். முதல் ஆறு மாதம் நான் எந்தக் கருவியில், எந்தப் பொருளில் வேலை செய்வேன்? என் வேலையைப் பார்த்துத் திருத்தப்போவது யார்? இந்த டீமில் ஏற்கெனவே இருக்கும் பெண் பொறியாளர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேச முடியுமா? மூன்றாவது கேள்விக்கு அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும், மறக்கும் முன், மூன்று விடையையும் அந்த வாரப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.